கனடா புறப்பட நான்கு மாதமே உள்ளது: வீட்டாரின் ஐயங்களும் எங்கள் பணக் கணக்கும்

உறையூர்க்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 39. துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்து தரும் தொழிற்கூடம் ஒன்றில் 14 ஆண்டுகளாகத் தர ஆய்வாளராக இருக்கிறேன். என் மனைவி திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்றத் தேர்வு முறையில் மருத்துவத் துறையினருக்கான அழைப்பு அவருக்குத்தான் வந்தது. நானும், 9 வது வயதில் இருக்கும் மகளும், 4 வயது மகனும் அவரைச் சார்ந்தவர்களாகச் செல்கிறோம். பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமைக்கான உறுதிக் கடிதம் கையில் இருக்கிறது. மருத்துவப் பரிசோதனையின் ஓராண்டுக் காலம் முடிவதற்குள், அதாவது செப்டம்பர் தொடக்கத்துக்குள், கனடாவில் இறங்கியாக வேண்டும் என்பதால் ஆகஸ்டு மூன்றாம் வாரம் புறப்படலாம் என்று எண்ணியிருக்கிறோம்.

கடிதம் வரும்வரை வீட்டில் எவரும் மறுப்புச் சொல்லவில்லை. வராது என்று நினைத்திருந்தார்கள் போலும். வந்த பிறகுதான் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். பேசாதவர்களின் மௌனம் அதைவிடக் கனமாக இருக்கிறது. அப்பா காலமாகி 6 ஆண்டுகள் ஆகின்றன. உறையூர் வீடு அம்மாவின் பெயரில் உள்ளது. 2019 இல் நான் வங்கிக் கடன் பெற்று மாடி கட்டினேன். அதில் இன்னும் 9 லட்சம் பாக்கி, மாதத் தவணை 14,500 ரூபாய். அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. "போய்விட்டு வா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் வீட்டு வரி ரசீது, கேஸ் புத்தகம், அலமாரிச் சாவி, மூலப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு என் முன்னால் வைத்து, எது எங்கே இருக்கிறது என்று விளக்கினார். அதற்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

தஞ்சாவூரில் இருக்கும் தங்கை, "அப்படியென்றால் மாடி யார் கணக்கு, அண்ணா?" என்று கேட்டாள். அவள் பங்கைப் பற்றிக் கேட்டாளா, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பற்றிக் கேட்டாளா என்பது எனக்கு விளங்கவில்லை. விளக்கம் கேட்கும் துணிவும் வரவில்லை.

அடுத்தது பணம். வங்கி இருப்பும் வைப்பும் சேர்த்து எங்களிடம் 24 லட்சம் இருக்கிறது. அதில் 7 லட்சம் என் மாமனார் தம் ஓய்வூதியப் பணத்திலிருந்து, விண்ணப்பத்துக்கு எட்டு மாதம் முன்பே, மகளின் கணக்கில் போட்டது. திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு என்று அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதத்தை விண்ணப்பத்துடன் இணைத்தோம். சென்ற மாதம் மாமியார், மச்சானின் திருமணப் பேச்சுக்கிடையே, "அந்த ஏழு லட்சம் வந்துவிட்டால் மண்டபத்துக்கு ஆகிவிடும்" என்றார். நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இது அன்பளிப்பா, கடனா?

பி.எஃப். தொகையாக ஏறக்குறைய 11 லட்சம் வரும். நகை 45 பவுன் இருக்கிறது. அதைத் தொடக்கூடாது என்பது மனைவியின் முடிவு, எனக்கும் அதில் உடன்பாடுதான். அங்கே அவர் செவிலியர் உரிமம் பெறும்வரை நான் கிடங்கிலோ கடையிலோ வேலை செய்யத் தயார். உரிமம் வருவதற்குள் பணம் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதே அச்சம். மனைவி மட்டும் முதலில் சென்று, வேலையும் வீடும் அமைந்த பிறகு நானும் குழந்தைகளும் செல்வது பாதுகாப்பானது என்று அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரியா? இந்தக் கட்டத்தைக் கடந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஸ்கார்பரோவாசி எழுதியது:

வணக்கம் நண்பரே. நாங்கள் 2019 இல் ஒன்டாரியோ மாகாணத்தில், டொரான்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதிக்கு வந்தோம், அப்போது எங்களுக்கும் ஏறக்குறைய உங்கள் வயதுதான்.

முதலில் "மனைவி மட்டும் முன்னால்" என்ற யோசனை. முதன்மை விண்ணப்பதாரர் முதலில் இறங்குவதும், சார்ந்தவர்கள் பின்னால் வருவதும் அனுமதிக்கப்பட்டதே. ஆனால் உங்கள் மூவரின் கடிதங்களுக்கும் அதே காலாவதித் தேதி இருக்கும். ஆகவே அவர் ஜூலை இறுதியில் வந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஐந்தாறு வாரங்கள்தான், உங்கள் நண்பர்கள் கற்பனை செய்யும் ஆறு மாதமோ ஓராண்டோ அன்று. எல்லோரும் ஒருமுறை இறங்கிப் பதிந்துவிட்டு நீங்களும் குழந்தைகளும் திரும்பிச் செல்லலாம், ஐந்தாண்டுகளில் 730 நாட்கள் கனடாவில் இருந்தால் பி.ஆர். நிலைக்குக் கேடில்லை. ஆனால் அதற்கு மூன்று பேருக்கு மறுபடியும் விமானச் சீட்டு வாங்க வேண்டும்; இரண்டு நாடுகளில் இரண்டு சமையலறைகள் நடத்த வேண்டும். மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு முதலில் கைவைப்பது சேமிப்பின் மேல்தான்.

ஆகஸ்டில் நால்வரும் வருவதற்கு நல்ல காரணம் ஒன்று உண்டு. ஒன்டாரியோவில் 4 வயது நிறையும் ஆண்டின் செப்டம்பரிலேயே குழந்தையை அரசுப் பள்ளியின் ஜூனியர் கிண்டர்கார்ட்டனில் சேர்க்கலாம். முழுநாள் வகுப்பு, கட்டணம் இல்லை. உங்கள் மகனுக்கும் அந்த வயது வந்துவிட்டதால், பகல்நேரக் குழந்தைக் காப்பகம் என்ற பெரிய செலவு உங்களுக்கு வராது. மூன்று வயதுக் குழந்தையோடு வந்த எங்களுக்கு அந்த ஓராண்டுதான் முதுகை முறித்தது.

இனி கணக்கு. நால்வர் கொண்ட குடும்பம் குடியேற்ற நிதியாகக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய தொகை 2025 ஜூலை அறிவிப்பின்படி 28,362 கனடிய டாலர். ஒரு டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 18.4 லட்சம் வருகிறது. இந்தத் தொகை விண்ணப்பிக்கும்போது மட்டுமன்றி, இறங்கும் நாளிலும் உங்கள் கையாளுகையில் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். எல்லை அதிகாரி கேட்கலாம்.

இரண்டு படுக்கையறை உள்ள நிலவறைக் குடியிருப்புக்கு, அதாவது இங்கே எல்லோரும் பேஸ்மென்ட் என்று சொல்வதற்கு, நாங்கள் 2019 இல் 1,450 டாலர் கொடுத்தோம். இப்போது எங்கள் தெருவில் 2,000 டாலருக்குக் குறைவாகச் சொல்வார் இல்லை. முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் முன்பணமாகத் தர வேண்டும். வேலைக் கடிதமும் கடன் வரலாறும் இல்லாத புதியவர்களிடம் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்பவர்கள் உண்டு. ஒன்டாரியோ சட்டப்படி வாடகை வைப்பாக ஒரு மாதத்துக்கு மேல் கேட்க உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. ஆனாலும் வேறு வீடு கிடைக்காமல் தவித்து நாங்கள் நான்கு மாதத் தொகையைக் கொடுத்தோம். உங்கள் ஊரிலிருந்து வந்து இங்கு வேலையில் இருப்பவர் எவரேனும் உடன் கையெழுத்திட முன்வந்தால், அதன் மதிப்பு ஆறு மாத வாடகைக்குச் சமம்.

ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கு வாரம் 40 மணி நேரம் வேலை செய்வதாகக் கொள்வோம். மணிக்கு 17.60 டாலர் என்றால் மாதம் 3,050 டாலர். பிடித்தங்கள் போகக் கைக்கு 2,500 அளவில் வரும். பல புதியவர்கள் கணக்கில் சேர்க்காமல் விடுவது குழந்தைகளுக்கான கனடா நலத்தொகை. 2025 ஜூலை முதலான அளவின்படி 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு 7,997 டாலர், 6 முதல் 17 வரை 6,748 டாலர். இதற்கு வரியும் இல்லை. இது குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் குறையும், ஆனால் புதிதாக வருபவர்களுக்கு முந்தைய ஆண்டுகளின் இந்திய வருமானத்தை டாலரில் மாற்றிப் பார்ப்பார்கள். உங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து 14 லட்சம் என்று வைத்தாலும் 21,500 டாலர்தான் ஆகும். முழுத்தொகைக்கான வருமான வரம்பு 37,000 டாலருக்கு மேல். ஆக, மாதம் 1,228 டாலர். வந்த முதல் வாரமே விண்ணப்பியுங்கள். எங்களுக்கு வர நான்கு மாதம் ஆயிற்று, ஆனால் இறங்கிய மாதத்திலிருந்து கணக்கிட்டுச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

செலவுப் பக்கம் வாடகை 2,000, மளிகை 800, பெரியவர் இருவருக்குப் பேருந்து 312, கைபேசி, இணையம், குளிர்கால உடை, அவசரத்துக்கு மருந்து என்று 3,700 வரை ஆகும். டொரான்டோ நகரப் போக்குவரத்தான டி.டி.சி. பேருந்தில் 12 வயது வரை கட்டணம் இல்லை. வரவு 2,500 உம் 1,228 உம் சேர்ந்து 3,728. இழுத்துப் பிடித்தால் நிற்கும், ஒரு பல் வலி வந்தால் சரியும். மருத்துவர், மருத்துவமனைச் செலவை ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் பார்த்துக்கொள்கிறது. எங்கள் காலத்தில் அதற்கு மூன்று மாதம் காத்திருந்தோம், 2020 மார்ச்சில் அந்தக் காத்திருப்பை நீக்கிவிட்டார்கள். பெரியவர்களின் பல், கண்ணாடி, மருந்துக்கடைச் சீட்டு ஆகியவை அதில் அடங்கா. என் கணக்கு இதுதான்: முதல் வேலை கிடைக்க மூன்று மாதம், நலத்தொகை வர நான்கு மாதம் என்று கொண்டால், தொடக்கத்தில் உங்கள் சேமிப்பிலிருந்து 13,000 முதல் 15,000 டாலர் கரையும். மீதியை மனைவியின் உரிமத் தேர்வுக்கும், அவர் படிக்கும் காலத்துக்கும் ஒதுக்குங்கள். அவரைக் காசுக்காக முதல் மாதமே இரவுப் பணிக்கு அனுப்பிவிடாதீர்கள். செவிலியர் ஊதியம் வரும்வரை கிடங்கு வேலையைச் சுமக்க வேண்டியவர் நீங்கள்.

மதுரைத் தணிக்கையாளர் எழுதியது:

முந்தைய பதிவு அங்குள்ள கணக்கை நன்றாகச் சொல்லிவிட்டது. நான் இங்குள்ள கணக்கை மட்டும் எழுதுகிறேன்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு நிதியாண்டில் ஒரு பான் எண்ணுக்கு 10 லட்சம் வரை மூலத்தில் வரி வசூல் இல்லை. குடியேற்றச் செலவு போன்றவற்றில் அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 20 விழுக்காடு வங்கி வசூலிக்கும். உங்கள் கணக்கிலிருந்தே 20 லட்சம் அனுப்பினால் 2 லட்சம் ரூபாய் போய்ச் சிக்கிக்கொள்ளும். அது இழப்பன்று, கணக்குத் தாக்கலில் திரும்பக் கிடைக்கும். ஆனால் உங்களுக்குப் பணம் தேவைப்படுவது அக்டோபரில், திரும்பி வருவதோ அடுத்த ஆண்டில். ஆகவே நீங்கள் 10 லட்சம், மனைவி 10 லட்சம் என்று அவரவர் கணக்கிலிருந்து அனுப்புங்கள். 28,362 டாலருக்கு அதுவே போதும். சில கனடிய வங்கிகள் இங்கிருந்தே கணக்குத் தொடங்க இடம் தருகின்றன. ரொக்கமாகவோ வரைவோலையாகவோ 10,000 டாலர் அல்லது அதற்கு மேல் கொண்டு சென்றால் எல்லையில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பது குற்றமில்லை, மறைப்பதே குற்றம்.

பி.எஃப். பற்றி ஒரு சொல். நிரந்தரமாக வெளிநாடு செல்பவர் முழுத்தொகையையும் எடுக்கலாம். ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பணிபுரிந்திருப்பதால் வரி இல்லை. ஓய்வூதியப் பகுதியை எடுக்க முடியாது, ஏனெனில் 10 ஆண்டுகளைக் கடந்துவிட்டீர்கள். அதற்குத் திட்டச் சான்றிதழ் பெற்று வைத்துக்கொண்டால் 58 வயதில் பயன்படும். நிறுவனம் விலகல் தேதியைப் பதிந்த பிறகே விண்ணப்பம் நகரும். அதற்கு முன் உங்கள் பெயர் பி.எஃப். பதிவிலும் ஆதாரிலும் பானிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இன்ஷியல்தான் எதிரி: ஒன்றில் புள்ளியோடு, ஒன்றில் புள்ளியின்றி, கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுதாய் என்று இருக்கும். விமானத்தில் ஏறிய பிறகு இதைத் திருத்த முயன்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்டில் வேலைக்காக நாட்டை விட்டுச் செல்கிறீர்கள். ஏப்ரல் முதல் எண்ணினால் 182 நாட்களுக்குக் குறைவாகவே இங்கிருப்பீர்கள். எனவே இந்த நிதியாண்டில் வரிச் சட்டப்படி நீங்கள் வெளிநாடு வாழ்பவர். கனடிய ஊதியத்துக்கு இங்கே வரி கட்ட வேண்டியதில்லை. சென்றதும் சேமிப்புக் கணக்குகளை வெளிநாடு வாழ்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். பரஸ்பர நிதிகளில் முதலீடு இருந்தால், கனடாவில் வசிப்பவரின் புதிய முதலீட்டைச் சில நிறுவனங்கள் ஏற்பதில்லை என்பதையும் கேட்டறியுங்கள். கனடிய வரித்துறை, நீங்கள் இறங்கும் நாளின் சந்தை மதிப்பையே உங்கள் சொத்தின் அடக்க விலையாக எடுத்துக்கொள்ளும். ஆகவே நகை, நிதி, வேறு மனை ஏதும் இருந்தால் அவற்றின் மதிப்பைப் புறப்படும் வாரத்தில் எழுதி, சான்றோடு வையுங்கள்.

மாடி வீட்டை வாடகைக்கு விடுவதானால், வீடு அம்மாவின் பெயரில் இருப்பது உங்களுக்கு ஒரு வகையில் நன்மை. வெளிநாடு வாழ்பவருக்கு வாடகை தருபவர் 30 விழுக்காட்டுக்கு மேல் வரி பிடித்துச் செலுத்த வேண்டும். உறையூரில் எந்தக் குடித்தனக்காரர் அதைச் செய்யப் போகிறார்? ஒப்பந்தம் அம்மாவின் பெயரில் இருந்து, வாடகையும் அவர் கணக்குக்கே சென்றால் அந்தச் சிக்கல் எழாது. வங்கிக் கடனை அவசரப்பட்டு அடைத்துவிட்டு வெறுங்கையோடு செல்ல வேண்டாம். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபருக்கு அபராதம் கிடையாது. இரண்டாண்டு கழித்தும் அடைக்கலாம். ஓராண்டுத் தவணையான 1,74,000 ரூபாயைக் கடன் கணக்கோடு இணைந்த சேமிப்பில் போட்டுவிட்டுச் செல்லுங்கள்.

மாமனாரின் 7 லட்சம்தான் என்னை உறுத்துகிறது. தந்தை மகளுக்குத் தரும் அன்பளிப்புக்கு இங்கே வரி இல்லை, அது எளிது. ஆனால் கடன் வாங்கிய பணத்தைக் குடியேற்ற நிதியாகக் காட்டக்கூடாது என்பது கனடிய விதி. தவறான தகவல் தந்ததாக முடிவானால் ஐந்தாண்டுத் தடை வரும். கொடுத்தவர் கொடுக்கும்போது என்ன எண்ணினார் என்பதே இங்கே கேள்வி. அவர் மனமாரக் கொடுத்திருந்து, பின்னாளில் மச்சானின் திருமணத்துக்கு நீங்கள் உங்கள் விருப்பத்தில் உதவினால் அது வேறு. உள்ளுக்குள் கடன், காகிதத்தில் அன்பளிப்பு என்றால் அது வேறு. ஊகிக்காதீர்கள், மாமனாரிடம் நேரே கேளுங்கள். இரண்டாவது என்று தெரிந்தால் புறப்படுவதற்கு முன் கனடிய வழக்கறிஞரிடமோ, குடியேற்ற ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்கும் அந்நாட்டு அமைப்பான ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்றவரிடமோ ஆலோசனை பெறுங்கள். விசா வாங்கித் தருகிறோம் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் எல்லோரும் அந்த உரிமம் பெற்றவர்கள் அல்லர்.

பழுத்த அனுபவம் என்ற பெயரில் ஒருவர் எழுதியது:

நாற்பதை நெருங்கும் வயதில், சொந்த வீடு, நிலையான வேலை, பக்கத்தில் தாய் என்று எல்லாம் இருக்கும்போது கிடங்கில் பெட்டி தூக்கச் செல்வது எனக்கு அறிவுடைமையாகத் தோன்றவில்லை. அந்த 24 லட்சத்தை இங்கே வைப்பில் போட்டால் வட்டியே வீட்டுத் தவணையை ஏறக்குறையக் கட்டிவிடும். ஆளாளுக்குப் போகிறார்கள் என்பதற்காக நாமும் போக வேண்டியதில்லை.

கோவைக்குத் திரும்பியவள் எழுதியது:

மேலே உள்ளவர் சொல்வதுபோல எங்களிடமும் பலர் சொன்னார்கள்; திரும்பி வந்தபோது "அன்றே சொன்னேன்" என்றும் சொன்னார்கள். ஆகவே போகாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. திரும்ப வேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

நாங்கள் 2022 ஆகஸ்டில் டொரான்டோவை அடுத்த மிசிசாகாவில் இறங்கி, 2024 ஜூனில் திரும்பினோம். என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. அந்த இரவில் அவரை மருத்துவமனையில் சேர்த்தது பக்கத்து வீட்டுக்காரர். எந்தக் காப்பீட்டில் அவர் இருக்கிறார் என்று எங்களுக்கே தெரியவில்லை. என் கணவரின் நிறுவனக் குழுக் காப்பீட்டில்தான் அவர் பெயர் இருந்தது. வேலையை விட்ட அன்றே அது முடிந்திருந்தது. எங்கள் சேமிப்பில் 6 லட்சம் அந்த ஒரு மாதத்தில் போயிற்று. உங்கள் அம்மாவும் உங்கள் அலுவலகக் காப்பீட்டில் இருக்கிறார் என்றால், விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே அவருக்கெனத் தனிப் பாலிசி எடுங்கள், அல்லது குழுக் காப்பீட்டிலிருந்து தனிப் பாலிசிக்கு மாறும் வசதியைக் கேளுங்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்க்கு விற்கமாட்டோம் என்று சொல்ல இப்போது விதி இடம் தருவதில்லை. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்பும் அதிகபட்சம் மூன்றாண்டுதான். அந்த மூன்றாண்டு எவ்வளவு சீக்கிரம் ஓடத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜி.எஸ்.டி.யும் இல்லை.

அம்மாவை அழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். பெற்றோரை வரவழைப்பதற்கான சூப்பர் விசாவில் ஒருமுறை வந்தால் ஐந்தாண்டு வரை இருக்கலாம் என்பது உண்மை. ஆனால் உங்கள் குடும்ப வருமானம் குறித்த அளவைத் தொட வேண்டும். குறைந்தது ஒரு லட்சம் டாலர் ஈட்டுறுதி கொண்ட ஓராண்டுக் காப்பீடு வேண்டும். சர்க்கரை நோய் இருப்பவருக்கு அந்தப் பிரீமியம் இலேசானதன்று. ஓஹிப் அவருக்குக் கிடைக்காது. ஆகவே முதல் இரண்டாண்டுக்கு அம்மா உறையூரில்தான் இருப்பார் என்று வைத்துத் திட்டமிடுங்கள். "அடுத்த வருஷம் கூட்டிக்கொள்கிறேன்" என்று அவரிடம் சொல்லாதீர்கள். நாங்கள் சொன்னோம், அவர்கள் மாதங்களை எண்ணினார்கள்.

பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பும் பணம் என்று பெயரிட்டு இங்கேயே விட்டுச் செல்லுங்கள். நால்வரின் விமானச் சீட்டு, ஒரு வீட்டு முன்பணம், ஆறு மாதச் செலவு. பி.எஃப். தொகை அதற்குப் பொருத்தமானது. அந்தப் பணம் இருந்தால் திரும்புவது உங்கள் முடிவாக இருக்கும். எங்களிடம் அது இல்லாததால், காரை அரை விலைக்கு விற்றோம், மேசை நாற்காலிகளைத் தெருவோரத்தில் வைத்துவிட்டு வந்தோம். இருப்பினும் எல்லாம் போய்விடவில்லை: 22 மாதம் இருந்திருக்கிறோம், 2027 ஆகஸ்டுக்குள் இன்னும் இரண்டு மாத அளவு அங்கே இருந்தால் 730 நாட்கள் நிறைந்துவிடும். போவோமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இன்னொன்று, சகோதரராக எண்ணிச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் முதன்மை விண்ணப்பதாரர் நான்தான். எனக்கு வேலை கிடைத்து என் கணவர் ஐந்து மாதம் வீட்டிலிருந்த காலம், பணத்தைவிட அதிகமாக எங்களைச் சோதித்தது. கடையில் அட்டையை யார் நீட்டுவது என்பதில்கூட ஒரு கசப்பு வந்தது. கிடங்கு வேலைக்குத் தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை உங்கள் மனைவியிடமும், உங்கள் அம்மா முன்னிலையில், ஒருமுறை சொல்லிவிடுங்கள், பிறகு ஊரிலிருந்து "உன் புருஷன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று கேட்கும்போது அவர் ஒருவரே பதில் தேட வேண்டியிராது.

உறையூர்க்காரர் எழுதியது:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மறுத்து எழுதியவருக்கும்தான், அவர் சொன்ன வட்டிக் கணக்கை நானும் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். வட்டி தவணையை ஏறக்குறையக் கட்டும். ஆனால் 13 ஆண்டு அனுபவமுள்ள செவிலியர் இங்கே வாங்கும் ஊதியத்தை அது மாற்றாது.

சென்ற ஞாயிறு மணப்பாறைக்குச் சென்று மாமனாரிடம் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு மாமியாரை அழைத்து எங்கள் முன்னிலையிலேயே, "அது பாப்பாவுக்குக் கொடுத்தது, திரும்பி வராது" என்றார். அன்பளிப்பு என்று எழுதிக் கொடுத்ததை அவர் மாமியாரிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மாமியாரின் கோபம் எங்கள் மேல் இல்லை, அவர் மேல். நாங்கள் கிளம்பும்போதும் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆயினும் தணிக்கையாளர் ஐயா சொன்னபடி உரிமம் பெற்ற ஒருவரிடம் இதை முழுமையாகச் சொல்லிக் கேட்க நேரம் வாங்கியிருக்கிறோம். அந்த 7 லட்சத்தை விலக்கிவிட்டாலும் எங்களுடைய 17 லட்சத்தோடு பி.எஃப். சேர்ந்தால் தேவையான தொகை வருகிறது என்பது ஓர் ஆறுதல். ஆனால் அப்போது திரும்பும் பணத்துக்கு மிஞ்சுவது 9 லட்சத்துக்குச் சற்று மேல், அதிலும் விமானச் சீட்டு போக வேண்டும்.

தங்கையிடமும் பேசினேன். அவள் பங்கு கேட்கவில்லை. நள்ளிரவில் அம்மாவுக்கு ஏதேனும் என்றால் மருத்துவமனையில் யார் கையெழுத்திடுவது, முன்பணத்தை எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது, மாடியில் குடியிருப்பவர் வாடகை தராவிட்டால் எந்த உரிமையில் அவள் போய்க் கேட்பது என்று மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தாள். அம்மாவின் கணக்கில் அவளையும் இணைக்கிறோம். அம்மாவே அவளுக்கு, விற்பனை உரிமை இல்லாத, வாடகைக்கும் வரிக்கும் மட்டுமான பவர் பத்திரத்தை உறையூர் வீட்டுக்குப் பதிந்து தரச் சம்மதித்துவிட்டார். என் பெயரில் உள்ள வங்கிக் கடன், பி.எஃப். முதலியவற்றுக்கு நானும் தனியே ஒன்று தருகிறேன்.

அம்மாவின் காப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டோம். அடுத்த ஆண்டு அழைத்துக்கொள்கிறேன் என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். கோவைச் சகோதரியின் பதிவைப் படித்த பிறகு, அது நடக்காமல் போகலாம் என்று நேற்று சொன்னேன். "அது எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றார்.

ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. செவிலியர் உரிமத்துக்கான என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வை மனைவி புறப்படுவதற்கு முன் இங்கேயே எழுத முடியுமா?

மதுரைத் தணிக்கையாளர் எழுதியது:

பவர் பத்திரத்தை இங்கிருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. சென்ற பிறகு என்றால் டொரான்டோ இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்ப வேண்டும். அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் செலுத்த வேண்டும். அம்மாவின் பத்திரத்தில் "விற்க, அடமானம் வைக்க அதிகாரம் இல்லை" என்ற வரியை வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். தங்கைக்கும் அதுவே பாதுகாப்பு.

ஸ்கார்பரோவாசி எழுதியது:

தேர்வைப் புறப்படும் முன்பே எழுதலாம், சென்னையிலேயே தேர்வு மையம் இருக்கிறது. ஆனால் செவிலியர் உரிமம் வழங்கும் அமைப்பான ஒன்டாரியோ செவிலியர் கல்லூரியில் முதலில் விண்ணப்பித்து, அவர்கள் தகுதியை ஏற்ற பிறகே தேர்வுக்கான அனுமதி வரும். உங்கள் மனைவி படித்த கல்லூரியும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலும் நேரடியாக அனுப்ப வேண்டிய ஆவணங்கள்தான் மிகுந்த காலம் எடுக்கும். எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கல்லூரி அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்கு ஏழு வாரம் ஆயிற்று. புறப்படும் முன் தேர்வு எழுத முடியாமல் போனாலும், அந்த ஆவணங்களையாவது நேரில் நின்று அனுப்பிவிட்டு வரச் சொல்லுங்கள்.